2027 சீ போட்டி: பெருமையா, வீண் செலவா? தாமான் கூட்டத்தில் என்ன கேட்பது?

செந்தூல்_செயலாளர் எழுதியது:

வணக்கம். 2027 சீ (தென்கிழக்காசிய) விளையாட்டுப் போட்டி நம் மலேசியாவில் நடக்கப்போகிறது. அதையொட்டி எங்கள் தாமான் குடியிருப்பாளர் சங்கத்தில் அடுத்த மாதம் ஒரு கலந்துரையாடல் வைத்திருக்கிறோம். சட்டமன்ற, நாடாளுமன்ற அலுவலகங்களிலிருந்தும் ஆள் வருவார்கள்.

உறுப்பினர்கள் இப்போதே இரண்டு கட்சி. "ரோட்டுக் குழியை மூடக் காசில்லை, இவர்களுக்குத் திருவிழா கேட்கிறதா?" என்று ஒரு கட்சி. "1998 காமன்வெல்த் போட்டி இல்லையென்றால் தேசிய அரங்கு இருக்கும் புக்கிட் ஜாலில் இன்றைக்கும் செம்பனைத் தோட்டத்தின் ஓரமாகத்தான் கிடந்திருக்கும்" என்று மறு கட்சி. இரண்டு பக்கமும் குரல் உயர்கிறது. கணக்கு யாரிடமும் இல்லை.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். செலவை எப்படிப் படிப்பது? எது உண்மையில் மிஞ்சும், எது பாழாகும்? வருகிறவர்களிடம் எந்தக் கேள்வியைக் கேட்டால் நழுவ முடியாது?

கணக்குப்பிள்ளை எழுதியது:

ஐயா, "மொத்தம் எத்தனை மில்லியன்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அதற்கு யார் எந்த எண்ணைச் சொன்னாலும் பொய்யாகாது. போட்டிப் பணம் மூன்று பைகளில் இருக்கிறது.

முதல் பை நடத்தும் செலவு. தங்குமிடம், சாப்பாடு, பேருந்து, நடுவர்கள், நேரக் கணிப்புக் கருவி, ஒளிபரப்பு, ஊக்கமருந்துச் சோதனை, காப்புறுதி, தொடக்க விழா, நிறைவு விழா எல்லாம் இதில் வரும். இரண்டாவது கட்டடம், பழுதுபார்ப்பு, தற்காலிக இருக்கை, கூடாரம், ஜெனரேட்டர். மூன்றாவது பை போலீஸ், மருத்துவமனை, தீயணைப்பு, சாலை மூடல், குப்பை அள்ளுதல். இந்த மூன்றாவது பை ஏற்பாட்டுக் குழுவின் புத்தகத்தில் ஏறவே ஏறாது. அந்தந்த இலாகாவின் வழக்கமான ஒதுக்கீட்டில் கரைந்துவிடும். "போட்டி லாபத்தில் முடிந்தது" என்று யாராவது சொன்னால் அவர் பேசுவது முதல் பையைப் பற்றி மட்டும்.

எதிர்ப்பவர்களும் இதே வேலையைத் தலைகீழாகச் செய்வார்கள். 98 போட்டியின் செலவோடு விமான நிலையத்தையும் ரயிலையும் சேர்த்து ஒரு பெரிய எண்ணைக் காட்டுவார்கள். சிப்பாங் விமான நிலையம் 1998 ஜூன் 27-இல் திறந்தது. ஸ்ரீ பெட்டாலிங் வரைக்கும் எல்ஆர்டி நகர ரயில் ஜூலை 11-இல் ஓடத் தொடங்கியது. போட்டி செப்டம்பர் 11 முதல் 21 வரை. தேதிகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன என்பதற்காக விமான நிலையத்தைப் போட்டிச் செலவில் எழுத முடியாது. ரயில் கொஞ்சம் வேறு. அந்தத் தடம் விளையாட்டு வளாகத்தின் வாசலுக்கே போவதற்குப் போட்டியும் ஒரு காரணம். ஆனால் அதில் இன்றைக்கும் ஆட்கள் வேலைக்குப் போய் வருகிறார்கள். அதை வீண் செலவில் சேர்ப்பது நியாயமில்லை.

போட்டியைப் பல ஊர்களுக்குப் பகிர்ந்து நடத்துவதைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2026 காமன்வெல்த் போட்டியை ஒரே நகரத்தில் வைக்காமல் ஜீலாங், பெண்டிகோ, பல்லாரட் என்று வட்டார ஊர்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. ஊர் மக்கள் மகிழ்ந்தார்கள். முதலில் சொன்ன செலவு 260 கோடி ஆஸ்திரேலிய டாலர். 2023 ஜூலை 18-இல் கைவிட்டபோது அது 600 முதல் 700 கோடி வரை போகும் என்றார்கள். விலகியதற்கு இழப்பீடே 38 கோடி. ஒவ்வோர் ஊருக்கும் தனி வீரர் கிராமம், தனிப் பேருந்துக் கூட்டம், தனிக் கட்டுப்பாட்டு அறை, தனி அடையாள அட்டை மையம், தனி மருத்துவ அணி வேண்டும். ஊர் கூடினால் இவை எல்லாமே கூடும். 2027-ஐக் கோலாலம்பூரோடு பினாங்கு, ஜொகூர், சரவாக் என்று பிரித்திருக்கிறார்கள். பிரித்ததே தவறு என்று நான் சொல்லமாட்டேன், அங்கெல்லாம் அரங்குகள் ஏற்கனவே இருக்கின்றன. "பிரித்ததால் கூடிய செலவு எவ்வளவு, அதை மாநிலம் கொடுக்கிறதா கூட்டரசு கொடுக்கிறதா?" என்று கட்டாயம் கேளுங்கள்.

விக்டோரியா விட்ட அதே போட்டியை நமக்கு 10 கோடி பவுண்டு உதவியோடு கொடுக்க முன்வந்தார்கள். 2024 மார்ச்சில் அரசாங்கம் வேண்டாம் என்றது. அப்போது "தைரியமில்லை" என்று திட்டியவர்கள் உண்டு. என் கணிப்பில் அது சரியான முடிவு. ஏழு ஆண்டில் செய்யும் வேலையை இரண்டே ஆண்டில் செய்யச் சொன்னால் டெண்டர் விடவே நேரமிருக்காது. நேரடி நியமனத்தில் வேலை போகும், விலை பேசும் பலம் நம் கையில் இருக்காது. கிளாஸ்கோ அதை எடுத்துக்கொண்டது. ஆனால் எப்படி எடுத்தது? பத்தே விளையாட்டுகள், நான்கே அரங்குகள், எல்லாம் எட்டு மைல் சுற்றுக்குள், புதுக் கட்டடம் இல்லை. அந்த அளவுக்கு வெட்டியதால்தான் கட்டுப்படியானது.

திடல்_வேலை எழுதியது:

கணக்குப்பிள்ளை அண்ணன் மூன்று பை சொன்னார். நான்காவது ஒன்று இருக்கிறது: போட்டி முடிந்த மறுநாளிலிருந்து வரும் செலவு. பணம் உண்மையில் பாழாகும் இடம் அதுதான்.

கட்டடப் பராமரிப்புத் துறையில் வழக்கமாகச் சொல்லும் அளவு, அந்தக் கட்டடத்தை இன்று புதிதாகக் கட்டினால் ஆகும் தொகையில் ஆண்டுக்கு 2 முதல் 4 விழுக்காடு. 50 கோடி ரிங்கிட் அரங்கு என்றால் ஆண்டுக்கு 1 கோடி முதல் 2 கோடி. கால்பந்து ஆட்ட வாடகையால் மட்டும் அதை ஈடுகட்டுவது கடினம். முதல் ஐந்து ஆண்டு பராமரிக்காமல் விட்டாலும் வெளியே ஒன்றும் தெரியாது. பத்தாவது ஆண்டில் எல்லாம் ஒன்றாக வரும்: கூரை ஒழுகும், மழைநீர்க் குழாய் அடைக்கும், நீரேற்றிகள் நிற்கும், விளக்குக் கோபுரத்தின் கேபிள் போகும், இருக்கை போல்ட் துருப்பிடிக்கும். அப்போது பழுதுபார்ப்பதைவிட இடித்துவிடலாம் என்ற கணக்கு வரும். ஷா ஆலம் அரங்கு 1994-இல் 80,000 பேருக்குக் கட்டியது. 2020-இல் மூடினார்கள், இப்போது இடித்துப் புதிதாகக் கட்டுகிறார்கள். கோல திரங்கானுவில் 2008 சுக்மா போட்டிக்காக (மாநிலங்களுக்கு இடையிலான தேசிய விளையாட்டுப் போட்டி) கட்டிய 50,000 இருக்கை அரங்கின் கூரை 2009 ஜூன் 2-ஆம் தேதி சரிந்தது. திறந்து ஓராண்டுதான். போட்டித் தேதிக்குள் முடித்தே ஆகவேண்டும் என்ற அழுத்தம் இருக்கும் இடத்தில் வடிவமைப்பையும் வேலையையும் சுயேச்சையான பொறியாளர் ஒருவர் மறுபடி சரிபார்த்தாரா என்று கேட்பது குற்றமில்லை, கடமை.

புல்லைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மக்கள் கண்ணுக்கு முதலில் தெரிவது அதுதான். புக்கிட் ஜாலில் திடலை மாற்ற 1 கோடி ரிங்கிட் ஒதுக்கி சோய்சியா வகைப் புல் போட்டார்கள். நல்ல தேர்வு. நிழலைத் தாங்கும், மிதியைத் தாங்கும். ஆனால் ஒரு குணம்: மெதுவாக வளரும். கிழிந்த இடம் மூட வாரக்கணக்கில் ஆகும். இசை நிகழ்ச்சிக்குத் திடல்மேல் பிளாஸ்டிக் தட்டுகளை விரித்து, மேடை கட்டி, ஆட்டம் நடக்க மூன்று நாள் இருக்கும்போது எடுத்தால் கீழே புல் மஞ்சளாக, ஈரமாக, வேகவைத்த கீரைபோல் இருக்கும். வெயில் நேரத்தில் தட்டுக்கு அடியில் காற்றோட்டம் இல்லை, வேர் மூச்சுவிட முடியாது.

சோதிப்பது சுலபம். திடல்காரர் ஒரு குழாய்க் கருவியால் ஒரு சாண் ஆழத்துக்கு மண் எடுத்துக் காட்டுவார். மேலே புல், நடுவில் வெளிறிய மணல், அதில் வெள்ளை வேர் பத்து சென்டிமீட்டருக்காவது இறங்கியிருக்க வேண்டும். வேர் இரண்டு மூன்று சென்டிமீட்டரிலேயே நின்று, அதற்குக் கீழே கறுப்புப் பட்டையும் அழுகிய முட்டை வாடையும் இருந்தால் தண்ணீர் வடியவில்லை என்று பொருள். மேலே எத்தனை லட்சத்துக்குப் புதுப்புல் ஒட்டினாலும் ஆறு மாதத்தில் மறுபடி அதே கதைதான். சரியான அமைப்பு 30 சென்டிமீட்டர் மணல், அதற்கடியில் 10 சென்டிமீட்டர் சரளைக்கல், அதற்குள் வடிகுழாய். நம் ஊரில் பிற்பகல் நான்கு மணிக்குக் கொட்டும் மழை இரவு ஆட்டத்துக்குள் வடிய வேண்டுமென்றால் இதற்குக் குறுக்குவழி கிடையாது.

ஓட்டத்தடமும் அப்படித்தான். செயற்கைத் தளம் பத்துப் பதினைந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டியது. அடித்தளம் ஈரமாக இருக்கும்போது அவசரமாக ஊற்றினால் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். அந்தக் கொப்புளத்தில்தான் பள்ளிப் பிள்ளைகள் அடுத்த பத்து ஆண்டு ஓட வேண்டும்.

கெப்போங்_குரல் எழுதியது:

நீங்கள் சொல்வதெல்லாம் ஒழுங்காக நடந்தால் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் மக்களுக்கு ஏன் வெறுப்பு வந்தது என்பதையும் பேசுங்கள்.

98-ஐ எடுத்துக்கொள்வோம். தொடக்க விழாவுக்கு ஒன்பது நாள் முன்புதான், செப்டம்பர் 2-ஆம் தேதி, ரிங்கிட்டை டாலருக்கு 3.80 என்று கட்டிவைத்தார்கள். நாடு பொருளாதார நெருக்கடியின் நடுவில். வேலை போன குடும்பங்கள் வாணவேடிக்கையைப் பார்த்து என்ன நினைத்திருக்கும்? அன்றைக்குக் கேள்வி கேட்டவனை நாட்டுப்பற்று இல்லாதவன் என்றார்கள். அந்தச் சொல்தான் காயம். செலவு பெரிதாக இருப்பதைவிட, கேட்கக்கூடாது என்பது வெறுப்பை வளர்க்கிறது.

2017 சீ போட்டி இங்கே நடப்பதற்கு முன் புக்கிட் ஜாலில் வளாகத்தைப் புதுப்பித்த முறையையும் பாருங்கள். வேலையைச் செய்த நிறுவனத்துக்குப் பணத்துக்குப் பதிலாக நிலம் கொடுத்தார்கள். வரவு செலவுத் திட்டத்தில் பெரிய தொகை தெரியவில்லை, அதனால் "அரசாங்கத்துக்குச் செலவில்லை" என்று பேச முடிந்தது. நிலமும் பொதுச் சொத்துதானே? அதன் சந்தை மதிப்பைச் செலவுப் பக்கத்தில் எழுத வேண்டும். 2027-இல் எங்காவது இதே முறை இருக்கிறதா, எத்தனை ஏக்கர், யார் மதிப்பிட்டது என்று கூட்டத்தில் கேளுங்கள் செயலாளரே. வந்தவர்களுக்குத் தெரியாவிட்டால் எழுத்தில் வாங்குங்கள்.

நான் விளையாட்டுக்கு எதிரி இல்லை. ஜி. சரவணன் 98-இல் 50 கிலோமீட்டர் நடைப்போட்டியில் தங்கம் வாங்கியது இந்த ஊர்ச் சாலையில். காமன்வெல்த் தடகளத்தில் நாட்டின் முதல் தங்கம் அது. அதற்குப் பின் நடைப்போட்டிக்கு எத்தனை பயிற்சியாளர், எத்தனை பள்ளியில் பயிற்சி? அந்தக் கணக்கையும் யாராவது சொல்ல வேண்டும்.

அணி_ஒருங்கிணைப்பு எழுதியது:

கெப்போங் அண்ணன் சொன்ன காயம் உண்மை. அதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஆர்வத்தைக் கொல்வது பெரும்பாலும் சின்னச் சின்ன ஏற்பாட்டுக் கோளாறுகள். அவற்றைச் சரிசெய்யப் பெரிய பணம் தேவையில்லை, முன்கூட்டிய வேலை தேவை.

2017-இல் 38 விளையாட்டுகள், 404 போட்டிகள், நம் நாட்டுக்கு 145 தங்கம். ஆனால் பலருக்கு நினைவிருப்பது நினைவுமலரில் இந்தோனேசியக் கொடி தலைகீழாக அச்சானது. சிவப்பு மேலே, வெள்ளை கீழே இருக்க வேண்டியது மாறிப்போய்ப் போலந்துக் கொடியானது. அண்டை நாட்டிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. இப்படிப்பட்ட பிழை அச்சகத்தில் பிடிபடாது, ஏனென்றால் அங்கே உள்ளவர் வந்த கோப்பை அப்படியே அச்சிடுவார். சரியான முறை: கொடி, நாட்டுப்பண், நாட்டின் பெயர் மூன்றையும் ஒவ்வொரு நாட்டு ஒலிம்பிக் மன்றத்துக்கும் அனுப்பி, அவர்கள் கையொப்பமிட்டுத் திருப்பிய படிவத்திலிருந்து மட்டும் எடுப்பது. பிறகு அச்சுக்குப் போகும் கடைசிப் பிரதியை, வடிவமைப்பில் கை வைக்காத இருவர் அந்தப் படிவத்தோடு வைத்துப் பார்ப்பது. பதினொரு நாட்டுக்கும் ஒரு பிற்பகல் வேலை.

அடுத்தது காலி இருக்கை. "டிக்கெட் தீர்ந்தது" என்ற அறிவிப்பும் தொலைக்காட்சியில் காலி வரிசையும் ஒன்றாக வந்தால் மக்கள் கொதிப்பது நியாயம். விளம்பரதாரருக்கும் இலாகாக்களுக்கும் ஒதுக்கிய டிக்கெட்டுக் கட்டு, ஆள் வராமல் வீணாகக் கிடக்கிறது. ஒதுக்கீட்டில் ஆள் உறுதிசெய்யாத இருக்கைகள் 48 மணி நேரத்துக்கு முன் பொது விற்பனைக்குத் தானாகத் திரும்ப வேண்டும். ஆட்டம் தொடங்கி இருபது நிமிடத்தில் காலியாக இருப்பதைப் பள்ளி மாணவர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் திறந்துவிட வேண்டும். இதை ஒப்பந்தத்திலேயே எழுதாவிட்டால் நடக்காது.

திரும்பும் ரயிலைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ரயிலில் 900 பேர், நான்கு நிமிடத்துக்கு ஒன்று என்று வைத்தால் ஒரு திசையில் மணிக்கு 13,500 பேர். புக்கிட் ஜாலில் நிரம்பி, அதில் 30,000 பேர் ரயிலுக்கு வந்து, மூன்றில் இரண்டு பங்கு நகரத்துப் பக்கம் போனால் 20,000 பேர். ஒன்றரை மணி நேரம். ஆட்டம் இரவு 10.45-க்கு முடிந்தால் வழக்கமான கடைசி ரயில் பலருக்குக் கிடைக்காது. ஆகவே கூடுதல் நேர ஓட்டத்தைச் சீட்டு விற்கும்போதே அறிவிக்க வேண்டும். கூட்டத்தை நிலையப் படிக்கட்டில் நிறுத்தாமல் வெளியே சதுக்கத்தில் நிறுத்தி, தொகுதி தொகுதியாக உள்ளே விட வேண்டும். ரயில் கட்டணம் கட்டும் டச் அண்ட் கோ அட்டையில் காசு போடும் வரிசை பெரிய தலைவலி, அதனால் வரும்போதே திரும்பும் கட்டணத்தையும் போட்டுக்கொள்ளச் சொல்லும் ஆட்கள் நுழைவாயிலில் நிற்க வேண்டும்.

தன்னார்வலர்கள் பாதியில் ஓடிவிடுகிறார்கள் என்று குறை சொல்வார்கள். காரணம் மூன்றுதான்: முறைநேரம் எட்டு மணி நேரத்துக்கு மேல் நீள்வது, சாப்பாடு சரியில்லாதது, வேலை என்னவென்று தெரியாமல் நிற்க வைப்பது. சைவம் சாப்பிடுகிறவர்களை விண்ணப்பத்திலேயே கேட்டுக் குறித்துக்கொள்ளாமல், கோழியை எடுத்துப் போட்டுவிட்டு வெறுஞ்சோற்றைக் கொடுத்தால் நம் பிள்ளைகள் இரண்டாம் நாள் வரமாட்டார்கள். இதை வெட்கப்படாமல் கேட்கலாம்.

பட்டர்வொர்த்காரன் எழுதியது:

பினாங்குப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இங்கே ஒரே மாநிலத்தில் இரண்டு உதாரணமும் இருக்கின்றன.

பத்து காவான் அரங்கு 2000 சுக்மாவுக்காகக் கட்டியது, 40,000 இருக்கை. கட்டியபோது சுற்றிலும் ஊரே இல்லை. 24 கிலோமீட்டர் நீளமான இரண்டாம் பாலமே 2014 மார்ச்சில்தான் திறந்தது. இன்றும் வாசலுக்கு ரயில் இல்லை. 8,000 பேரைப் பேருந்தில் கொண்டுபோக வேண்டுமென்றால், 40 பேருக்கு ஒரு பேருந்து, 200 நடை. போய்வர ஒன்றரை மணி நேரம் என்றால் மூன்று மணி நேரத்தில் ஒரு பேருந்து இரண்டு நடைதான் போகும். 100 பேருந்து வேண்டும், 100 ஓட்டுநர் வேண்டும், நிறுத்த இடம் வேண்டும். அரங்கை மலிவான நிலத்தில் கட்டிச் சேமித்தது இப்படி ஒவ்வொரு முறையும் வெளியே போகிறது.

மறுபக்கம் ஸ்குவாஷ். ஒரு திடலின் அளவு 9.75-க்கு 6.4 மீட்டர், அவ்வளவுதான். கால்பந்துத் திடல் ஒன்றில் நூறு வைக்கலாம். 98 காமன்வெல்த் போட்டியில்தான் ஸ்குவாஷ் முதன்முதலாகச் சேர்ந்தது. பினாங்குப் பெண் நிக்கோல் டேவிட் எட்டு முறை உலக வெற்றியாளர் ஆனார். புக்கிட் டும்பாரில் ஸ்குவாஷ் மையம் இருக்கிறது, சாயங்காலம் பிள்ளைகள் வருகிறார்கள். சிறிய கட்டடம், மின்கட்டணம் கட்டக்கூடிய அளவு, பயிற்சியாளர் இருக்கிறார், போட்டி இல்லாத நாளிலும் விளக்கு எரிகிறது. கெப்போங் அண்ணன் கேட்ட "அதற்குப் பின் என்ன" என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல பதில் இதுதான். எங்கள் ஊருக்கு எந்த விளையாட்டைக் கொடுக்கிறார்கள் என்று பார்க்கும்போது இந்த அளவுகோலை வைத்துத்தான் நான் பார்ப்பேன்.

செந்தூல்_செயலாளர் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு கட்சிக்கும் இப்போது கேட்க ஒரே கேள்விகள் இருக்கின்றன என்று தோன்றுகிறது. கடைசியாக ஒன்று: "பரிசீலிக்கிறோம்" என்று சொல்லிவிட்டுப் போனால் அடுத்து என்ன வழி?

கணக்குப்பிள்ளை எழுதியது:

கேள்வியை ஆவணத்தின் பெயரால் கேளுங்கள். "செலவு எவ்வளவு?" என்றால் பேச்சு வரும். "இந்த அரங்கின் பராமரிப்பு ஒப்பந்தம், எத்தனை ஆண்டு, எந்த இலாகாவின் எந்த ஒதுக்கீட்டில்?" என்றால் ஒன்று பதில் வரும் அல்லது இல்லை என்பது தெரியும். நாடாளுமன்ற உறுப்பினர் வழியாக எழுத்துப்பூர்வக் கேள்வி போடலாம், அமைச்சின் பதில் பதிவாகும். தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கை பொதுவில் கிடைக்கிறது, அதில் விளையாட்டு அமைச்சு, பொதுப்பணித் துறைப் பக்கங்களைத் தேடுங்கள். பினாங்கிலும் சிலாங்கூரிலும் தகவல் பெறும் மாநிலச் சட்டம் உண்டு, பட்டர்வொர்த் தம்பி அதைப் பயன்படுத்தலாம். மாநில இலாகாவின் கையில் உள்ள ஆவணத்துக்கு மட்டும்தான் அது செல்லும், கூட்டரசு ஆவணத்துக்குச் செல்லாது. நிலப் பரிமாற்றம் பற்றிய கேள்வியைத் தனியாக வையுங்கள். மற்றதோடு கலந்தால் அதற்கு மட்டும் பதில் வராது.

திடல்_வேலை எழுதியது:

கூட்டத்துக்கு முன் சங்கத்தில் நாலு பேர் ஒருமுறை அரங்கைப் போய்ப் பாருங்கள். நல்ல மழை பெய்த நாளில், மழை விட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போங்கள். நடைபாதையில் தண்ணீர் எங்கே தேங்கியிருக்கிறது, கூரையின் எந்த மூட்டிலிருந்து சொட்டுகிறது, மேல்தட்டு இருக்கைகளின் அடியில் போல்ட் என்ன நிறத்தில் இருக்கிறது, கழிவறையில் எத்தனை குழாய் வேலை செய்கிறது என்று பாருங்கள். தேதியோடு படம் எடுத்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து அதே இடங்களை மறுபடி எடுங்கள். வேலை நடக்கிறதா இல்லையா என்பது அந்தப் படங்களிலேயே தெரிந்துவிடும்.